வம்சாவளி ஏடும் விழித்திரையும்

நாயின் விழித்திரை நோய்களைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு, இனநாய் வளர்ப்பின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. லண்டனில் 1873-இல் கென்னல் கிளப் என்னும் நாய் வளர்ப்போர் சங்கம் தோன்றி, அடுத்த ஆண்டே அதன் முதல் வம்சாவளி ஏடு வெளிவந்தது. பிற ஐரோப்பிய நாடுகளும் அதே வழியில் சென்றன. ஏட்டில் பெயர் ஏறிய நாய்களின் குட்டிகளே அந்தந்த இனத்தைச் சேர்ந்தவை என்னும் விதி நாளடைவில் இறுகியபோது ஒவ்வோர் இனத்தைச் சுற்றியும் வேலி எழுந்தது. அந்த வேலிக்குள் கண்காட்சிப் பரிசு பெற்ற சில கடுவன்களே திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்டு, தந்தையும் மகளும், அண்ணனும் தங்கையும்கூட இணை சேர்க்கப்பட்டன. விரும்பிய நிறத்தையும் உடலமைப்பையும் நிலைநிறுத்த இது உதவியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள், அதாவது மரபியலார் ஒடுங்கு பண்பு என்று குறிப்பிடும் வகையில் கடத்தப்படும் நோய்கள், பெருகுவதற்கும் அதுவே வழி திறந்தது. நாய்களின் பரம்பரைக் குருட்டுத்தன்மையை மனிதர் பெருக்கினர் என்பதை இந்த வரலாற்றை எழுதுவோர் மறைக்க இயலாது. அதே ஏடுகள் இல்லாதிருந்தால் அந்நோய்களின் காரணம் இத்தனை தெளிவாகப் புரிந்திருக்காது என்பதும் உண்மையே.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் உட்புறமாகப் படிந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலம். அதில் ஒளியை உணரும் செல்கள் இரு வகைப்படும்: மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் குச்சி செல்கள் ஒன்று, பகல் வெளிச்சத்தில் நிறத்தையும் நுணுக்கத்தையும் பிரித்தறியும் கூம்பு செல்கள் மற்றொன்று. நாயின் விழித்திரையில் குச்சி செல்களே மிகப் பெரும்பான்மை. ஆகவே அவற்றைத் தாக்கும் எந்த நோயும் முதலில் மாலைக்கண்ணாகவே வெளிப்படுகிறது: பகலில் துள்ளி ஓடும் நாய் பொழுது சாய்ந்தபின் படியிறங்கத் தயங்கும், விளக்கில்லாத கொல்லைப்புறத்துக்குப் போக மறுக்கும், பழகாத இடத்தில் எசமானரின் காலை உரசிக்கொண்டே நடக்கும். விழித்திரைக்கு அடியில் நிறமி அடுக்கு ஒன்றும், அதற்கும் பின்னால் கண்ணின் மேற்பாதியில் டபீட்டம் எனப்படும் ஒளி திருப்பும் படலமும் இருக்கின்றன. இரவில் வாகன விளக்கு பட்டவுடன் நாயின் கண்கள் பச்சையும் மஞ்சளுமாக ஒளிர்வது அப்படலத்தாலேயே.

உயிருள்ள கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் வழி 1850-இன் இறுதியில்தான் கிடைத்தது. கண்மணிக்குள் சென்ற ஒளி வந்த வழியே திரும்புவதால், பார்ப்பவர் தம் கண்ணை அந்த வழியில் வைத்தால் அவருடைய தலையே விளக்கை மறைத்துவிடும். கண்மணி எப்போதும் கறுப்பாகத் தெரிவதன் காரணம் இதுதான். கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் கற்பித்த ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், சாய்வாக வைத்த கண்ணாடித் தகடுகளால் விளக்கொளியைக் கண்ணுக்குள் செலுத்தி, திரும்பிவரும் ஒளியை அத்தகடுகளின் ஊடாகவே காணும் கருவியை அமைத்து 1851-இல் அதை நூலாக வெளியிட்டார். ஆப்தால்மாஸ்கோப் என்று பெயர் பெற்ற அக்கருவி மனிதக் கண் மருத்துவத்தையே மாற்றியது. கால்நடை மருத்துவர்களும் அதைக் கையில் எடுத்தனர். குதிரைதான் அன்றைய கால்நடை மருத்துவத்தின் மையமாக இருந்ததால், நாயின் கண்ணுக்குள் பொறுமையாகப் பார்த்தவர்கள் சிலரே.

அப்படிப் பார்ப்பதற்கென்று ஒரு பயிற்சி வேண்டியிருந்தது. கண்மணியை விரிக்கும் மருந்துச் சொட்டுகளை விட்டுச் சற்று நேரம் காத்திருந்து, அறையை இருட்டாக்கி, நாயின் முகவாயை ஒருவர் அசையாமல் பிடித்திருக்க, மருத்துவர் விளக்கொளியைக் கண்மணிக்குள் செலுத்துவார். நலமான கண்ணில் மேற்பகுதி டபீட்டத்தின் மஞ்சளும் பச்சையும் கலந்த மினுமினுப்போடும் கீழ்ப்பகுதி கரும்பழுப்பாகவும் தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையருகே பார்வை நரம்பின் வட்டத் தலைப்பும், அதிலிருந்து பிரிந்து ஓடும் சிவந்த இரத்தக் குழாய்களும் காணப்படும். விழித்திரை மெலியும்போது அதன் வழியே செல்லும் ஒளி குறைவாகவே தடுக்கப்படுவதால் டபீட்டத்தின் மினுக்கம் இயல்பைவிடக் கூடும், இரத்தக் குழாய்கள் நூலாக இளைக்கும், நரம்புத் தலைப்பு வெளிறும். கண் அதிகமாக மின்னுவது நலத்தின் அறிகுறி என்று வளர்ப்போர் எண்ணிய இடத்தில், மருத்துவர் அழிவின் அறிகுறியைக் கண்டார்.

சுவீடனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஹான்ஸ் மாக்னுசன் 1911-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்வே இத்துறையின் முதல் பெரும் ஆவணம். அவர் ஆராய்ந்தவை கார்டன் செட்டர் என்னும் ஸ்காட்லாந்து வேட்டைநாய்கள். அவற்றுள் பல மாலைக்கண்ணில் தொடங்கி முழுக் குருடாயின. கண்ணுக்குள் கண்ட மாற்றங்கள், மனிதரிடம் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்த ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை நோயை ஒத்திருப்பதை உணர்ந்த மாக்னுசன், அதோடு நிறுத்தாமல் அந்நாய்களின் மூதாதையர் வரிசையையும் தேடினார். நோயுற்ற நாய்கள் நெருங்கிய உறவில் இணைந்த பெற்றோருக்குப் பிறந்தவை என்பதை ஏடுகள் காட்டின. கட்டுரையின் தலைப்பிலேயே அவர் இரத்த உறவுச் சேர்க்கையைக் குறிப்பிட்டார். மெண்டலின் பட்டாணி ஆய்வுகள் 1900-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டுப் பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், ஒரு விலங்கின் கண்நோயைக் கருவியாலும் ஏட்டாலும் சேர்த்துப் படித்தது இத்துறைக்கு அடித்தளமாயிற்று. இந்நோய்க் குழு பிற்காலத்தில் படிப்படியாகப் பெருகும் விழித்திரை நலிவு என்னும் பொருளில் பி.ஆர்.ஏ. என்று சுருங்க அழைக்கப்படலாயிற்று. இன்றும் நாய் வளர்ப்போர் வழங்கும் பெயர் அதுவே.

மாக்னுசனின் ஆய்வுக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறை பெரிதாக அசையவில்லை. அதை அசைத்தவர்கள் பிரிட்டனின் ஐரிஷ் செட்டர் வளர்ப்போர். செந்நிற உரோமம் மினுங்கும் அழகிய இனம் அது. அதன் குட்டிகள் சில வாரங்களிலேயே இருட்டில் தடுமாறி, ஒரு வயதை ஒட்டிப் பெரும்பாலும் பார்வையிழந்தன. 1940-களில் நோய் இனம் முழுவதும் பரவியிருப்பது வெளிப்படையானபோது, அதை மூடி மறைத்து விற்பனையைக் காப்பாற்றிக்கொள்வது எளிதாக இருந்திருக்கும். வளர்ப்போரில் ஒரு பகுதியினர் அவ்வாறு செய்யாமல் மருத்துவர்களோடு கை கோத்தனர். அந்தத் துணிவு இவ்வரலாற்றில் தனி மதிப்புக்குரியது. ஹாட்ஜ்மன், பாரி, ராஸ்பிரிட்ஜ், ஸ்டீல் ஆகிய நால்வர் 1949-இல் பிரிட்டனின் கால்நடை மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, நோய் ஒரே ஒரு ஒடுங்கு மரபணுவால் கடத்தப்படுவதை உறுதிப்படுத்தும் திசையில் சென்றது. அவர்களுள் பாரி, 1953 முதல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் தொடராக எழுதிய கட்டுரைகள் நாயின் விழித்திரைச் சிதைவுகளை முறையாக வகைப்படுத்தின.

ஒடுங்கு மரபணுவின் கொடுமை அதன் மறைவில் இருக்கிறது. பழுதான பிரதி ஒன்றும் நல்ல பிரதி ஒன்றும் பெற்ற நாய் நன்றாகவே பார்க்கும், பரிசும் வாங்கும், நூறு குட்டிகளுக்குத் தந்தையாகவும் ஆகும். அத்தகைய நாயைக் கடத்தி என்பர். கடத்தியைக் கண்டுபிடிக்க அக்காலத்தில் இருந்த ஒரே வழி சோதனைச் சேர்க்கை. ஐயத்துக்குரிய கடுவனைக் குருடான பெட்டையோடு இணை சேர்ப்பார்கள். கடுவன் கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு குட்டியும் நோயோடு பிறக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகவே ஆறு குட்டிகளும் நலமாகப் பிறந்தால், கடுவன் கடத்தியாக இருந்தும் அப்படி நேர்ந்திருப்பதற்கு அறுபத்து நான்கில் ஒரு வாய்ப்பே எஞ்சும். ஒரே ஒரு குட்டிக்கு நோய் கண்டாலும் கடுவனின் இனப்பெருக்க வாழ்வு முடிந்தது. ஐரிஷ் செட்டரில் நோய் மிக இளமையில் வெளிப்பட்டதால் ஓர் ஈற்றின் முடிவு சில மாதங்களில் தெரிந்தது. அதனாலேயே இம்முறை பயன் தந்து, அவ்வினத்தில் நோய் அருகிப்போயிற்று. ஆனால் ஒவ்வொரு சோதனை ஈற்றிலும் குருட்டுக் குட்டிகள் பிறக்கக்கூடும் என்று தெரிந்தே அவற்றைப் பிறப்பித்தார்கள் என்பதை நினைக்காமல் அந்த வெற்றியை எழுத முடியாது.

அதே காலத்தில் நோயறிதலுக்கு இன்னொரு வழி திறந்தது. ஒளி படும்போது விழித்திரை சிறு மின்மாற்றம் ஒன்றைத் தோற்றுவிப்பதை உப்சாலாவில் ஃப்ரித்தியோஃப் ஹோம்கிரேன் 1865-இல் தவளையின் கண்ணில் கண்டிருந்தார். அம்மின்மாற்றத்தைக் கோட்டு வரைபடமாகப் பதிவதையே எலக்ட்ரோரெட்டினோகிராம், சுருக்கமாக இ.ஆர்.ஜி., என்பர். 1933-இல் ராக்னர் கிரானிட் அந்த வரைபடத்தின் கூறுகளைப் பிரித்துக் காட்டினார். பின்னர் 1967-இல் அவருக்கு நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பாரி, கேதரின் டான்ஸ்லி, தாம்சன் ஆகியோர் 1953-இல் நாயின் இ.ஆர்.ஜி.யையும், 1955-இல் பரம்பரைச் சிதைவு வளரும்போது அது எவ்வாறு மாறுகிறது என்பதையும் விவரித்தனர். மயக்க மருந்து கொடுத்த நாயின் கருவிழிமேல் மின்முனை பதித்து, இருட்டில் சிறிது நேரம் பழகவிட்டு, மங்கிய ஒளித்துடிப்பைச் செலுத்தினால் குச்சி செல்களின் மறுமொழி எழும். விரைந்து சிமிட்டும் ஒளியைச் செலுத்தினால் கூம்பு செல்களின் மறுமொழி மட்டும் எழும். கண்ணுக்குள் பார்த்தால் எதுவும் தெரியாத பருவத்திலேயே கோடு தாழ்ந்துவிடுவதால், நோயை முன்கூட்டி அறியும் கருவியாக அது நிலைபெற்றது. கண்புரை அறுவைக்கு முன் இச்சோதனை செய்யும் வழக்கமும் இதிலிருந்து வந்ததே: பி.ஆர்.ஏ. முற்றிய நாய்களுக்குக் கண்புரையும் வருவதுண்டு. விழித்திரை செத்த கண்ணில் புரையை அகற்றுவதால் பயனில்லை.

கண்காட்சி நாய்களுக்கு வெளியே, மேய்ச்சல் நிலத்திலும் விழித்திரை நோய் இருந்தது. பிரிட்டனின் ஆட்டுக்காவல் நாய்களான பார்டர் காலிகளில் கீத் பார்னெட் 1960-களில் ஆராய்ந்த நோய் பி.ஆர்.ஏ.யின் பொதுவகைக்கு நேர்மாறான போக்குடையது: இருட்டில் ஓரளவு பார்த்த நாய் வெளிச்சத்தில் தடுமாறியது, தொலைவில் ஓடும் ஆட்டைக் கண்டது, அருகில் அசையாமல் நின்ற ஆட்டின்மேல் மோதியது. விழித்திரையின் நடுப்பகுதியில் பழுப்புப் புள்ளிகள் படிவதை ஆப்தால்மாஸ்கோப் காட்டியதால் அதை மையவகை நலிவு என்று பார்னெட் வேறுபடுத்தினார். ஆட்டுக்காவல் நாய்ச் சங்கத்தின் போட்டிகளுக்கு வரும் நாய்களின் கண்களைப் பரிசோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1966-ஐ ஒட்டி, பிரிட்டிஷ் கால்நடை மருத்துவச் சங்கமும் கென்னல் கிளப்பும் இணைந்து நடத்திய கண் பரிசோதனைத் திட்டம் பல இனங்களுக்கும் விரிந்தது.

மையவகை நலிவின் கதை வேறொரு பாடத்தையும் தந்தது. நோயுற்ற நாய்களின் நிறமி அடுக்கில் சேர்ந்த கழிவு, செல்லின் கொழுப்புப் பகுதிகள் ஆக்சிஜனால் கெடும்போது உண்டாகும் வகையைச் சேர்ந்தது. அக்கெடுதலைத் தடுப்பது வைட்டமின் ஈ. 1981-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வைட்டமின் ஈ இல்லாத உணவை நாய்களுக்கு அளித்தபோது ஏறத்தாழ அதேபோன்ற விழித்திரைக் கேடு தோன்றியது. பண்ணைகளில் மிஞ்சியதைத் தின்று வளர்ந்த நாய்களுக்குச் சமச்சீரான தீவனம் கிடைக்கத் தொடங்கியதும், பரிசோதனையால் நடந்த தேர்வும் சேர்ந்து, இந்நோய் அருகியது. பரம்பரை என்று மட்டும் எண்ணப்பட்ட ஒன்றில் தீவனத் தட்டுக்கும் பங்கிருந்தது.

ஸ்காட்லாந்துக் காலி இனத்தின் பிறவிக் கண்குறையோ தேர்வுமுறைக்கே அடங்க மறுத்தது. விழித்திரைக்கு ஊட்டம் தரும் இரத்தக்குழாய் அடுக்கு சரியாக வளராத அக்குறை, பெரும்பாலான நாய்களில் பார்வையைக் கெடுப்பதில்லை. சிலவற்றில் விழித்திரை பிரிந்து குருடாக்கும். சில நாடுகளில் காலிகளில் பெரும்பான்மைக்கு அக்குறை இருந்ததால், குறையுள்ள எதையும் இணை சேர்க்கக்கூடாது என்றால் இனமே மிஞ்சாது. மேலும், ஆறேழு வார வயதில் தெளிவாகத் தெரியும் மெல்லிய குறை, நிறமி அடர்ந்தபின் மறைந்துபோகும். வளர்ந்த நாயைப் பரிசோதித்து நலம் என்று சான்று தந்தால் அது தவறாகிவிடும். குட்டிகளை விற்கும் முன்பே கண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்னும் நடைமுறை இதனால் உருவானது.

1970-இல் அமெரிக்கக் கால்நடைக் கண் மருத்துவர் கல்லூரி அமைந்ததும், இத்துறையின் ஆய்வுக் களம் பெரும்பாலும் அந்நாட்டுக்கு நகர்ந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லயனல் ரூபினும் அவரிடம் பயின்ற குஸ்தாவோ அகிரேயும், ஐரிஷ் செட்டரின் நோயில் குச்சி செல்கள் நலமாக வளர்ந்து பின்னர் சிதைவதில்லை, தொடக்கத்திலேயே சரியாக உருவாவதில்லை என்பதை 1975-இல் காட்டினர். மூன்று ஆண்டுகள் கழித்து அகிரேயின் குழு சயன்ஸ் இதழில் வேதியியல் காரணத்தை வெளியிட்டது. இருட்டில் குச்சி செல்லின் சவ்வில் உள்ள நுண்துளைகளைத் திறந்து வைப்பது சுழல் ஜி.எம்.பி. என்னும் மூலக்கூறு, ஒளி பட்டவுடன் ஒரு நொதி அதைச் சிதைக்க, துளைகள் மூடிக்கொள்ள, அந்த மாற்றமே பார்வைச் செய்தியாகிறது. நோயுற்ற செட்டர்களில் அந்நொதி செயலற்றிருந்தது, சுழல் ஜி.எம்.பி. அளவு மிஞ்சியது, செல்கள் மடிந்தன. 1993-இல் அந்நொதியின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவில், 807-ஆம் இடத்தில் புரத உற்பத்தியை இடையிலேயே நிறுத்திவிடும் ஒற்றை எழுத்து மாற்றம் இருப்பது கண்டறியப்பட்டது. அன்றிலிருந்து ஒரு துளி இரத்தமோ கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்த பஞ்சோ கடத்தியைக் காட்டிக்கொடுத்தது. குருட்டுப் பெட்டையோடு சேர்த்துச் சோதிக்கும் தேவை முடிவுக்கு வந்தது.

பூடில், லாப்ரடார் முதலிய இனங்களுக்கு அந்த விடுதலை இன்னும் அவசியமாக இருந்தது. அவற்றின் பி.ஆர்.ஏ. நடுவயதை ஒட்டியே வெளிப்படுவதால், நோய் தெரியும்போது அந்த நாய் பல ஈற்றுகளுக்குப் பெற்றோராகியிருக்கும். சோதனைச் சேர்க்கையின் முடிவுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தனித்தனி நோய்கள்போல் தோன்றிய இந்தக் குருட்டுத்தன்மை, பல இனங்களிலும் பி.ஆர்.சி.டி. என்னும் ஒரே மரபணுவின் ஒரே எழுத்துப் பிழையால் வருவதை 2006-இல் அகிரே, கிரிகரி அக்லண்ட் குழுவினர் கண்டனர். இனங்கள் வேலியிட்டுப் பிரிக்கப்படுவதற்கு முன்பே வாழ்ந்த ஏதோ ஒரு பொது மூதாதையிடம் அப்பிழை தோன்றியிருக்க வேண்டும். அதே எழுத்துப் பிழை, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவால் பார்வையிழந்த பங்களாதேஷ் நோயாளி ஒருவரிடமும் இருந்தது.

மரபணுச் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்னும் நம்பிக்கை அதன் தொடக்க ஆண்டுகளில் பரவலாக இருந்தது, அது மிகை. சோதனை, தான் தேடும் பிழையை மட்டுமே காணும். ஐரிஷ் செட்டரின் இளமை நோய் ஏறத்தாழ ஒழிந்தபின், அதே இனத்திலும் கார்டன் செட்டரிலும் முதுமையை ஒட்டித் தொடங்கும் வேறொரு பி.ஆர்.ஏ. இருப்பது தெரிந்து, அதற்கான மரபணுவை நியூமார்க்கெட்டில் இயங்கிய அனிமல் ஹெல்த் டிரஸ்டின் ஆய்வாளர்கள் அறிவித்தனர். பிழை கொண்ட எல்லா நாய்களையும் உடனே விலக்கினால் சிறிய இனங்களின் மரபுவளம் சுருங்கி வேறு நோய்கள் தலைதூக்கும். ஆகவே கடத்தியை நலமான இணையோடு சேர்க்கலாம், அவற்றின் குட்டிகளைச் சோதித்து அடுத்த தலைமுறையில் வடிகட்டலாம் என்பதே இன்றைய வல்லுநர் அறிவுரை. கடத்தி என்று தெரிந்தவுடன் ஒதுக்கும் பழைய வேகத்தைவிட இது நாய்களுக்கு நன்மை தருவது.

இவ்வளவு காலமும் சிகிச்சை என்ற சொல்லுக்கு இத்துறையில் இடமே இருக்கவில்லை. அதை மாற்றியது பிரியார் என்னும் பிரெஞ்சு மேய்ப்பு நாய். சுவீடனில் கிறிஸ்டினா நார்ஃப்ஸ்ட்ரோமும் உடனாய்வாளர்களும் 1989-இல், பிறவியிலிருந்தே இருட்டில் பார்க்காத, பகலிலும் பலவகையாகப் பார்வை குறைந்த பிரியார் நாய்களை விவரித்தனர். விந்தை என்னவெனில், அவற்றின் விழித்திரை கண்ணுக்குள் பார்த்தால் நெடுங்காலம் சீராகவே தெரிந்தது, இ.ஆர்.ஜி. மட்டும் தாழ்ந்து கிடந்தது. 1998-இலும் அடுத்த ஆண்டிலும் வெளியான ஆய்வுகள், ஆர்.பி.ஈ.65 என்னும் மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் காட்டின. ஒளியை உறிஞ்சிச் செலவழிந்த வைட்டமின் ஏ வகைப் பொருளை நிறமி அடுக்கில் மீண்டும் பயன்படத்தக்கதாக மாற்றுவது அம்மரபணுவின் வேலை. ஒளியுணர் செல்கள் உயிரோடு இருந்தும் அவற்றுக்கு வேண்டிய பொருள் வந்து சேராததே குறை. ஆகவே அதை வழங்கினால் பார்வை திரும்பலாம். பிறவிக் குருட்டுத்தன்மையின் ஒரு வகையாகத் தியோடர் லேபர் 1869-இல் விவரித்த நோயுள்ள குழந்தைகள் சிலரிடமும் இதே மரபணு பழுதாகியிருப்பது 1997-இல் அறியப்பட்டிருந்தது.

அக்லண்ட், அகிரே, ஜீன் பென்னட், ஆல்பர்ட் மக்வையர் முதலியோர் நலமான மரபணுப் பிரதியைத் தீங்கற்ற அடினோ சார்பு வைரசில் ஏற்றி, பிரியார் வழிவந்த மூன்று குட்டிகளின் கண்ணுக்குள் செலுத்தினர். ஊசி முனை விழித்திரையைக் கடந்து அதற்கும் நிறமி அடுக்குக்கும் இடையில் நிற்க, மருந்து நீர் சிறு கொப்புளமாகத் தேங்கி, அவ்விடத்தில் விழித்திரையைத் தற்காலிகமாகப் பிரித்துவிடும். சில நாட்களில் நீர் உறிஞ்சப்பட்டு விழித்திரை படிந்துவிடும். வாரங்கள் கழித்து இ.ஆர்.ஜி. கோடு எழுந்தது, தடைகள் நிறைந்த மங்கலான அறையில் விடப்பட்ட குட்டிகள் சிகிச்சை பெற்ற கண்ணின் பக்கத்துப் பொருள்களை விலகிச் சென்று, பெறாத கண்ணின் பக்கத்துப் பொருள்களில் மோதின. ஒரே உடலில் ஒரு கண் மற்றொன்றுக்குச் சாட்சியாக நின்ற அந்தச் சோதனை 2001-இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வெளியாயிற்று. அம்மூன்று குட்டிகளுள் லான்சலட் என்னும் நாய் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் முன்னும் அழைத்துச் செல்லப்பட்டது. 2007-ஐ ஒட்டி மனிதரில் சோதனைகள் தொடங்கின; 2017 டிசம்பரில் லக்ஸ்டர்னா என்னும் பெயரில் அம்மருந்துக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. பரம்பரை நோய் ஒன்றுக்கு உடலுக்குள் நேரே செலுத்தும் மரபணு மருந்துக்கு அந்நாடு ஒப்புதல் அளித்தது அதுவே முதல் முறை. இரு கண்களுக்குமாக 8,50,000 டாலர் விலை குறிக்கப்பட்ட அம்மருந்தின் தொடக்கம் நாய்க்கொட்டில்களில் இருந்தது. ஆய்வில் பயன்பட்ட பிரியார்களுள் இரண்டைப் பென்னட்டும் மக்வையரும் பின்னர்த் தம் வீட்டில் வளர்த்தனர்.

இன்று வரை ஐரிஷ் செட்டர் உள்ளிட்ட வேறு சில வகைகளிலும் மரபணு மருந்து நாய்களிடம் பயன் தந்துள்ளது. செட்டர் நோயின் மரபணுவை மிக இளம் குட்டிகளுக்கு அளித்துப் பார்வையைக் காத்ததாகப் பிரான்சின் நாந்த் நகரக் குழுவினர் 2012-இல் அறிவித்தனர். ஆயினும் இவை மனிதருக்கான மருந்தைத் தேடும் ஆய்வகப் பணிகள். கால்நடை மருத்துவமனையில் வளர்ப்போர் கேட்டுப் பெறக்கூடிய சிகிச்சையாக அவை மாறவில்லை. ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனி மருந்து வேண்டும், விலை தாங்க முடியாதது, வீட்டார் நாயின் தடுமாற்றத்தைக் கவனிக்கும்போது குச்சி செல்கள் பெரும்பாலும் மடிந்திருக்கும். சந்தையில் விற்கும் ஊட்டச்சத்து மாத்திரைகளுள் எதுவும் பி.ஆர்.ஏ.வை நிறுத்துவதாக நிறுவப்படவில்லை என்பதையும் வளர்ப்போர் அறிந்திருப்பது நல்லது.

பரம்பரை சாராத விழித்திரை நோய்களில்தான் சிகிச்சை நாய்களை நேரடியாக எட்டியது. விழித்திரை பிரிதல் அவற்றுள் முக்கியமானது. சிறுநீரக நோய் முதலியவற்றால் இரத்த அழுத்தம் ஏறி, நீர் கசிந்து விழித்திரை தூக்கப்படும்போது, அம்லோடிப்பின் போன்ற மருந்தால் அழுத்தத்தை விரைந்து தணித்தால் அது தானாகவே மீண்டும் படியக்கூடும். காலம் தாழ்ந்தால் படிந்தும் பார்வை வராது. கிழிந்து பிரியும் விழித்திரைக்கு அறுவை வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த கால்நடைக் கண் மருத்துவர் சாமுவேல் வைனிசி, மனித விழித்திரை அறுவை வல்லுநர் கர்க் பேக்கோவோடு சேர்ந்து, பெருங்கிழிசல் கண்ட நாய்களுக்குச் செய்த அறுவைகளை 1995-இல் வெளியிட்டார்: கண்ணின் நடுவில் உள்ள விழிக்கூழை அகற்றி, கிழிந்த திரையை விரித்துப் பதித்து, லேசரால் ஓரங்களை ஒட்டி, அது நழுவாதபடி சிலிக்கோன் எண்ணெயால் நிரப்பும் முறை அது. ஷீட்சூ போன்ற சிறு இனங்களுக்கு இது பெரும் உதவியாயிற்று.

இன்னும் சிகிச்சைக்குப் பிடிபடாதது திடீர் விழித்திரைச் சிதைவு நோய்த்தொகுதி, மருத்துவர் வழக்கில் சார்ட்ஸ். 1980-களில் தனி நோயாக அடையாளம் காணப்பட்ட இது நடுவயதையும் அதற்குப் பிந்திய வயதையும் அடைந்த நாய்களைத் தாக்கும். நேற்றுவரை பார்த்த நாய் சில நாட்களில், சில வாரங்களில் முழுக் குருடாகும். பலவற்றுக்கு அதையொட்டி மிகுந்த பசி, மிகுந்த தாகம், எடை கூடுதல் ஆகியவையும் உண்டு. ஆப்தால்மாஸ்கோப்பில் தொடக்கத்தில் எதுவும் தெரியாது, இ.ஆர்.ஜி. மட்டும் நேர்க்கோடாகக் கிடக்கும். மூளையிலோ பார்வை நரம்பிலோ கோளாறா, விழித்திரையிலா என்று பிரித்தறிய இன்று மருத்துவர்கள் செந்நிற ஒளியையும் நீல ஒளியையும் மாற்றி மாற்றிக் கண்மணிமேல் காட்டுகின்றனர். சார்ட்ஸ் கண்ட நாயின் கண்மணி சிவப்புக்குச் சுருங்காது, நீலத்துக்குச் சுருங்கும். ஒளியுணர் செல்கள் செயலிழந்தபின்னும், நீலத்தைத் தாமே உணரும் சில நரம்புச் செல்கள் விழித்திரையின் உள்ளடுக்கில் எஞ்சியிருப்பதே காரணம். கண்மணி சுருங்குவதைக் கண்ட வீட்டார் நாய் ஓரளவு பார்க்கிறது என்று நம்பிவிடுவதுண்டு. அச்சுருக்கம் பார்வை அன்று என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, வீட்டில் மேசை நாற்காலிகளை இடம் மாற்றாமல் வைக்கவும், படிக்கட்டுக்குத் தடுப்பு அமைக்கவும், குரலாலும் மணத்தாலும் நாய்க்கு வழி காட்டவும் கற்பிப்பதே இப்போது மருத்துவர் செய்யக்கூடியது.